இடுப்பு வலித்த கடவுள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டுக்கு உட்காருவேன், தையலுக்கு உட்காருவேன், அதிலெல்லாம் குறையில்லை. சும்மா உட்கார், கண்ணை மூடு, கடவுள் உன்னைப் பார்க்கிறார் என்று சொன்னால் போச்சு. அடுத்த நிமிஷம் என் வலது கால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும். தஞ்சாவூரில் ஒரு மடத்தில் பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரியாக இருந்தேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் மௌன தியானம். பன்னிரண்டு வருஷமும் அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், காலை ஆட்டினேன், அவ்வளவுதான். பெஞ்சு கிரீச் கிரீச்சென்று முனகும். பக்கத்து சிஸ்டர் செருமுவார். கடைசியில் மதர் என்னைச் சுவரோரமாகக் கல் தரையில் தனியாக முட்டிபோட வைத்துவிட்டார். கல் முனகாதாம்.

மதர் நல்லவர்தான், சும்மா சொல்லக்கூடாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டா வந்தாய் என்று கேட்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் வெளிவேலை எது வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார். ரேஷன் கடை, தாசில்தார் ஆபீஸ், நோயாளி வீடு, எங்கே என்றாலும் நான்தான். எனக்கும் அதில் வருத்தமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கால் ஒழுங்காக இருக்கும். கோயிலுக்குள் வந்து 'பிதாவே' என்று வாயைத் திறந்தால்தான் கோளாறு. மனசுக்குள் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதுதான் நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறது என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரின் காதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போயிற்று.

அப்போது ஆட்சி மாறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. டீக்கடை ரேடியோவிலிருந்து பள்ளிக்கூட ஆண்டு விழா வரை எங்கே பார்த்தாலும் அடுக்குமொழி. எங்கள் கோயில்களிலும் பூசை லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டது, சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். வயலில் மட்டும் வேறு பேச்சு. கூலியைக் கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் நாற்றைத் தொடமாட்டோம் என்று செங்கொடிச் சங்கம் ஒரு பக்கம். வெளியூர் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்குவேன் என்று மிராசுதார்கள் ஒரு பக்கம். கிழக்கே ஒரு சேரியில் குடிசையோடு ஆட்களை எரித்த செய்தி வந்த பிறகு, யார் முகத்திலும் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நாலு மைல் நடந்தால் ஒரு ஊர் வரும். அந்த ஊர்க் கோயிலின் பங்குச் சாமியார் ஒரு நாள் மடத்துக்கு வந்து மதரைப் பார்த்தார். வந்த விஷயம் இது. ஊரைத் தாண்டி வயலுக்கு நடுவே ஒரு சேரி. முப்பது நாற்பது வீடு, எல்லாரும் எங்களைப்போல வேதக்காரர்கள், எல்லாரும் ஒரே பண்ணையில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கென்று சின்னதாக ஓர் ஓட்டுக் கோயில் உண்டு. சாமியார் மாதம் ஒரு தடவைதான் அங்கே போய்ப் பூசை வைப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு நடவுக்காரப் பெண் மற்ற பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, புத்தகம் எதுவும் இல்லாமல், வாய்க்கு வந்தபடி செபம் சொல்கிறாளாம். சொல்லும்போது கடவுளை ஆத்தா என்கிறாளாம்.

புகார் இரண்டு பக்கத்திலிருந்து வந்திருந்தது. சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்ல வேண்டியது நானல்லவா, என்னைக் கேட்காமல் இவள் யார் என்று உபதேசியாருக்கு வயிற்றெரிச்சல். அவர் சேரிப் பக்கம் எட்டிப் பார்த்தே ஆறு மாதம் ஆகியிருந்தது, அது வேறு கதை. செபமும் இல்லை ஒன்றும் இல்லை, அங்கே சங்கக் கூட்டம்தான் நடக்கிறது என்று பண்ணைக் காரியஸ்தர் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டும் சேர்ந்து பிஷப்பின் ஆயர் இல்லம் வரை போய், விசாரித்து எழுத்தில் கொடுங்கள் என்று அங்கிருந்து சாமியாருக்குக் கடிதம் வந்துவிட்டது. அந்தப் பெண் ஆத்தா என்று மாதாவைக் கூப்பிட்டால் பாதகமில்லை, யாரும் கேட்கமாட்டார்கள். கடவுளையே பொம்பளை ஆக்கியிருந்தால் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் பூசையில் அவளுக்கு நற்கருணை அப்பம் கிடையாது, கோயிலையும் பூட்டிவிடுவார்கள். பெண்கள் கூடுகிற இடத்தில் ஆண்பிள்ளை போய் உட்கார்ந்தால் வாயைத் திறக்கமாட்டார்கள், ஒரு சிஸ்டரை அனுப்புங்கள் என்றார் சாமியார். மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வரவேண்டும். கோடு போட்ட நோட்டு ஒன்றும் பென்சிலும் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. சம்பா நடவு நடந்திருக்க வேண்டிய நேரம். வயலில் தண்ணீர் கட்டி உழுது வைத்திருந்தார்கள், நாற்றங்காலில் நாற்று பச்சையாக நின்றது, தொட ஆள் இல்லை. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்கள் கூடாரம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வேலை நிறுத்தம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலு வயது குறைச்சலாக இருக்கும். ஆனால் நடவு வரிசையில் முதல் ஆள் என்பதால் சேரி முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. நானும் இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். முதல் நாள் நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். மடத்தில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம், சேரிப் பெண் என்றால் மரியாதை வாயில் வராது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுதத்தானே வந்திருக்கீங்க, எழுதுங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டு ஒரு மணையை எடுத்துப் போட்டார்.

அங்கே யாரும் முட்டிபோடவில்லை. இருபது இருபத்தைந்து பெண்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள், புடவையை நடவுக்குச் செருகுகிற மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு. அக்கா முதலில் குனிந்தார், எல்லாரும் குனிந்தார்கள். வலது கையால் தரையைத் தொட்டு, ஒரு அடி பின்னால் வைத்து, மறுபடி தொட்டு, மறுபடி ஓர் அடி. நாற்று நடுகிறவர்கள் முன்னால் போகமாட்டார்கள், நட்டதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். அதே மாதிரி பீடத்தைப் பார்த்தபடி, குனிந்தபடி, ஓர் அடி ஓர் அடியாகப் பின்வாசல் சுவர் வரைக்கும் வந்தார்கள். அக்காவின் குரல் மட்டும் நடுவில் கேட்டுக்கொண்டே வந்தது. சுவரில் குதிகால் முட்டியதும் நிமிர்ந்தார்கள். அதன் பிறகு ஒரு சத்தம் இல்லை.

இது என்ன வழக்கம் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வழக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. நடவு நடக்கும்போது வயலில் நட்டபடியே அவர்கள் செபம் சொல்வார்களாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதையே உட்கார்ந்து சொல்வார்களாம். வேலை நிறுத்தம் வந்து வயலில் இறங்க முடியாமல் போனதும், குனியாமல் செபம் வரவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரி, கோயில் தரையிலேயே நடுவோம் என்று அக்கா ஆரம்பித்துவிட்டார்.

சுவரோரம் நின்ற அந்த மௌனம் இருக்கிறதே, அதைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. மடத்தில் மணி அடித்து, கதவைச் சாத்தி, கண்ணைக் கீழே போட்டு நாங்கள் கொண்டுவரப் பார்க்கிற மௌனம். இங்கே மூச்சு வாங்கிக்கொண்டு வேர்வையோடு நிற்கிற பெண்களிடம் அது கேட்காமலே வந்து நின்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்கு அக்கா சொன்னதை நோட்டில் இப்படி எழுதினேன், பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை:

"ஆத்தா, குனிஞ்சு குனிஞ்சு உலகத்தை நட்டவ நீ. மலையை நட்ட, மரத்தை நட்ட, எங்களையும் ஒவ்வொரு நாத்தாப் பிரிச்சு நட்ட. ஆறு நாளும் குனிஞ்சே இருந்த. ஏழாம் நாள் உக்காந்துட்டியாமே. ஓய்வுன்னு சாமி சொல்றாரு. நடவுக்குப் போற எங்களுக்குத் தெரியாதா? உனக்கு இடுப்பு வலி. எங்க இடுப்பு உனக்குத் தெரியும், ஆத்தா. தெரிஞ்சும் ஏன் பேசாம இருக்க? நாத்து முத்துது. எங்க வயிறும் காயுது. ரெண்டும் உன்னோடதுதான்."

எழுதும்போது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வேதத்தில் அந்த ஏழாம் நாளை எத்தனை தடவை படித்திருப்பேன், எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். கடவுளுக்கு இடுப்பு வலித்திருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. தோன்றுகிற அளவுக்கு அவர்கள் யாரும் குனிந்ததில்லை போலிருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுத்தானே ஆகவேண்டும். எல்லாரும் போன பிறகு கேட்டேன். ஆத்தா என்று நீ கூப்பிடுவது மாதாவைத்தானே என்றேன். மாதா என்றே சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"மாதா எங்களோட சேறு மிதிச்சவங்க, சிஸ்டர். பெத்த புள்ளையப் பறிகொடுத்தவங்க. எங்க கஷ்டம்லாம் அவங்ககிட்ட சொல்லுவோம். இது அவங்க இல்லை. இது அவங்களையும் பெத்தவ."

அதையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பூதலூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு ரொம்ப நேரம் காத்திருந்தேன். அங்கேதான் எனக்குச் சுருக்கென்று ஒன்று புரிந்தது. என் அப்பா கோபக்காரர். வீட்டில் அவர் இருக்கும்போது நானும் என் அம்மாவும் உட்கார்ந்ததே கிடையாது. எதற்கு எப்போது குரல் வரும் என்று தெரியாது, வந்தால் உடனே ஓடவேண்டும், அதனால் எப்போதும் ஒரு காலைத் தூக்கிவைத்துக்கொண்டே நிற்போம். மடத்தில் பிதாவே என்று நான் கண்ணை மூடினால், தோளில் துண்டோடு அவர்தான் வந்து நின்றார். அவர் முன்னால் நான் எப்படி உட்காருவேன்? கால் ஆடாமல் என்ன செய்யும்? முப்பத்து நாலு வயதில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மாவின் ஞாபகமும் வந்தது. அம்மா முன்னால் நான் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்திருக்கிறேன், தலையில் பேன் பார்ப்பாள்.

மடத்து அலமாரியைக் குடைந்தேன். பழைய காலத்துக் கன்னியாஸ்திரிகளைப் பற்றி, தொட்டால் பொடிந்துவிடுகிற புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஒன்றிரண்டு பேர் கடவுளைத் தாயே என்று கூப்பிட்டதாக இருந்தது. ஓடிப்போய் மதரிடம் காட்டினேன், கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்ப்பதுபோல என்று சேசுவே சொல்லவில்லையா என்று சட்டம் பேசினேன். மதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். இவர்களெல்லாம் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆகிவிட்டது, இவர்களைப் பற்றி யாரும் இப்போது ரிப்போர்ட் கேட்கவில்லை, உன் ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றார். நான் புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

இரண்டாவது ஞாயிறும் போனேன், மூன்றாவது ஞாயிறும் போனேன். மூன்றாவது வாரம் மணையில் உட்கார்ந்திருக்க முடியாமல், நோட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையின் ஓரத்தில் போய் நின்று நானும் குனிந்தேன். தியானம் கியானம் ஒன்றும் வரவில்லை, இடுப்பு வலிதான் வந்தது. சுவருக்கு வந்து நிமிர்ந்தால் என் கால் வழக்கம்போல ஆட்டம் போட்டது. வெட்கத்தில் அமுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி பார்த்துவிட்டு, நடவு முடிஞ்ச கால் அப்படித்தாம்மா ஆடும், விடுங்க என்றாள். பத்து வருஷமாகச் செருமல் கேட்ட காலுக்கு அன்றைக்குத்தான் ஒரு நல்ல வார்த்தை கிடைத்தது.

அதற்குள் நிலைமை முற்றிவிட்டது. நாற்றும்தான். நாலாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். கோயில் நிற்கிற மனை பண்ணைக்குச் சொந்தம். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வரப்போகிறதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, அதற்குள் முடிந்த வரைக்கும் காலி பண்ணிவிட வேண்டும் என்று பண்ணை துடித்தது. ஆயர் இல்லம் ஒரு மாதம் கோயிலைப் பூட்டினால் போதும், மறுநாளே காரியஸ்தர் உள்ளே நெல் மூட்டை அடுக்கிவிடுவார், அப்புறம் யார் போய் எடுப்பது என்று சாமியார் கையைப் பிசைந்தார். மாதா பக்தி என்று ஒரு வரி இருந்தால் போதும் சிஸ்டர், நான் அதோடு முடித்துவிடுவேன் என்றார். போலீஸ் நுழையாத ஓர் இடம் அந்தச் சேரியில் உண்டென்றால் அது அந்தக் கோயில்தான். எனக்கு அது தெரியும்.

நாலாவது ஞாயிற்றுக்குக் காத்திராமல் அன்றைக்குச் சாயங்காலமே மடத்துக்கு வந்து மை ஊற்றிய பேனாவை எடுத்து நல்ல வெள்ளைத் தாளில் எழுதினேன். இந்தப் பெண் ஆத்தா என்று அழைப்பது தேவமாதாவையே, இதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது. மதர் படித்துப் பார்த்து, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார்.

அடுத்த வாரத்திலேயே பேச்சுவார்த்தை முடிந்து கூலி கொஞ்சம் கூடியது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனாலும் கிடைத்தது. முற்றின நாற்றையே பறித்து நட ஆரம்பித்தார்கள். கோயில் பூட்டப்படவில்லை. சாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை சேரிக் கோயிலில் நன்றிப் பூசை வைத்தார். என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

பிரசங்கத்தின்போது சட்டைப்பையிலிருந்து அவர் என் தாளை எடுத்தார். இவர் இதைப் படிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படித்தார். படித்துவிட்டு, இந்தம்மா ஆத்தா ஆத்தா என்று கூப்பிட்டது நம் தேவமாதாவைத்தான், அவர்தான் உங்களுக்குக் கூலியைக் கூட்டி வாங்கிக் கொடுத்தார், இந்தக் கோயிலுக்கு நான் ஒரு மாதா சுரூபம் வாங்கித் தரப்போகிறேன் என்று சொன்னார். மனதாரத்தான் சொன்னார். பெண்கள் எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

அப்புறம் அக்கா எழுந்து நின்றார். பூசை நடுவில் சேரிப் பெண் எழுந்து பேசுவதை நான் அதுவரை கண்டதில்லை.

"சாமி, அது மாதா இல்லைங்க," என்றார். "நான் பெத்தவளைத்தான் கூப்பிட்டேன். எல்லாத்தையும் பெத்தவளை."

சாமியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"சிஸ்டர், இது நீங்க எழுதினதுதானே? நீங்களே சொல்லுங்க, எது சரி?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பென்சில் நோட்டு என் மடியிலேயே இருந்தது, பிரித்துக் காட்டினால் போதும். கோயில் போய்விடும் என்று பயந்தேனா, பொய் சொன்னேன் என்று தெரிந்தால் மதர் என்ன நினைப்பார் என்று பயந்தேனா, இல்லை துண்டு போட்ட என் அப்பாதான் அன்றைக்கும் வந்து நின்றாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் ஒரு சத்தம் இல்லை. பத்து வருஷமாக எனக்குக் கைகூடாத மௌனம் அன்றைக்குக் கைகூடியது. என் கால் கொஞ்சம்கூட ஆடவில்லை.

"எழுத்துல இருக்கும்மா, உட்காரு," என்றார் சாமியார்.

அக்கா உட்கார்ந்தார். நற்கருணைக்கு எல்லாரும் போனார்கள், அக்கா போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, தானே போகவில்லை.

வெளியே வந்து நான் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக வந்திருந்தால் தேவலை. கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியலையா, சிஸ்டர்?"

புரிந்தது என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீங்க என்று சொன்னேன். உங்களைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன், கோயிலைப் பிடுங்கிவிடுவார்கள், உங்களுக்கெல்லாம் போக்கிடம் இல்லாமல் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா முழுக்கக் கேட்டார்.

"நாலு வாரம் பட்டினி கிடந்து எங்களை நாங்க காப்பாத்திக்கிட்டோம்," என்றார். "ஆத்தாவுக்குத்தான் யாரும் இல்லை. நீங்க ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்டீங்க. நீங்களும் விட்டுட்டீங்க."

சொல்லிவிட்டு நடந்தார். அவசரமாகக்கூட நடக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாதா சுரூபம் வந்தது. வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றி, கூடப் போய் இறக்கிவைத்து வா என்று என்னைத்தான் அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று சொல்லத் துணிவு வேண்டுமே, அதுவும் இல்லை. வண்டி வாய்க்கால் கரையில் வரும்போது கீழ் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அக்காவின் செபம் கரை வரைக்கும் கேட்கும் என்று வண்டிக்காரர் சொன்னார். நான் இறங்கி வரப்பில் நின்றேன். வரிசையின் முதல் ஆள் அக்காதான். குனிந்து, நட்டதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வரிசை முழுக்க ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சேற்றில் கை போய் வருகிற சத்தம்தான் கேட்டது. என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

அதன் பிறகு அந்தக் கோயிலில் அவர் செபம் சொல்லவே இல்லை என்று கேள்விப்பட்டேன். உபதேசியார் ஒழுங்காக வந்து செபமாலை சொன்னாராம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆயர் இல்லத்திலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது, மதர் அதைச் சாப்பாட்டு வேளையில் எல்லார் முன்னாலும் படித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மடத்தை விட்டு வந்துவிட்டேன். இது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சமையலறைத் தரையில் மேடையைப் பார்த்துக் குனிந்து, ஓர் அடி ஓர் அடியாகப் பின்னால் நகர்ந்து பார்க்கிறேன். இந்த வயதில் இடுப்பு தாளவில்லை. சுவரில் குதிகால் முட்டியதும் நிமிர்ந்து நிற்பேன். ஆத்தா என்று சொல்ல வாய் வருவதில்லை. ஒருத்தியிடமிருந்து பிடுங்கிய வார்த்தையை நான் எந்த முகத்தோடு சொல்வது? கால் மட்டும் பழையபடி ஆடுகிறது, அதை நான் அமுக்குவதில்லை.

சாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. மதரும் இல்லை. அக்கா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை. பென்சில் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கோயிலில் அத்தனை பேர் முன்னால் என்னை ஒரு கேள்வி கேட்டார்கள், நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதோ சொல்கிறேன். சாமி, அந்தம்மா சொன்னதுதான் சரி. அது மாதா இல்லைங்க. நான் எழுதினது பொய்.